பஞ்சு கருகும் வாடை

எழுதுவதற்கு நான் உட்காருவது தரையில்தான். வீட்டில் மேசை இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது. ஆனாலும் நோட்டை எடுத்தால் கால் தானாகச் சுவரோரம் போய்விடும். முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி, மடியில் நோட்டை வைத்துக்கொள்வேன். பக்கத்தில் அரிவாள்மனையோ கண்ணாடித் தம்ளரோ இருந்தால் தள்ளி வைத்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் எழுத்து வரும்.

எனக்கு வலிப்பு நோய் உண்டு. இதை இப்படி ஒரு வரியில் எழுத எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

பத்தாவது படித்த வருஷம் அது வந்தது. எண்பதுகளின் தொடக்கம். இராஜபாளையத்தில் இருந்தோம். அப்பா இல்லை. அம்மா பேண்டேஜ் கம்பெனிக்குத் துணி சுருட்டப் போவாள். ஒரு நாள் மாலை குழாயடியில் குடத்தோடு நின்றபோது பஞ்சு கருகுகிற வாடை வந்தது. எங்கள் ஊரில் அது அதிசயமே இல்லை. மில் பக்கம் கழிவுப் பஞ்சு எங்கேயாவது புகைந்துகொண்டே இருக்கும். வாடை வந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நானும் பார்க்கவில்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது ஈரத் தரை. நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். கையில் யாரோ ஓர் இரும்புச் சாவியைத் திணித்திருந்தார்கள். என்னைச் சுற்றிலும் கால்கள். அவற்றில் என் வகுப்புப் பெண் ஒருத்தியின் கொலுசுக் காலும் இருந்தது. அதற்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பரீட்சை மட்டும் போய் எழுதிவிட்டு வந்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த நர்ஸம்மா என் கையில் சாவியைப் பார்த்துவிட்டாள். பூட்டில்லாத பழைய சாவி அது. அம்மா அதில் கயிறு கோத்து என் கையிலேயே கட்டியிருந்தாள்.

"சாவி வச்சா நின்னுரும்னா நாங்க எதுக்கும்மா இங்க உக்காந்திருக்கோம்?" என்றாள் நர்ஸம்மா. பிறகு என்னைப் பார்த்து, "எழுதப் படிக்கத் தெரியுமில்ல? எப்ப வருது, அதுக்கு முன்னால என்ன தோணுதுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வா. டாக்டர் கேப்பாரு" என்றாள்.

"தினமும் எழுதணுமாக்கா?"

"நான் என்ன வாத்தியாரா, வீட்டுப்பாடம் குடுக்க? வந்தா எழுது. வராட்டியும் எழுதணும்னு தோணுச்சுன்னா எழுது."

பேருந்தில் திரும்பும்போது அம்மா சாவியை மறுபடி கட்டிவிட்டாள். "அவ சொல்லுவா. அவ பிள்ளைக்கு வந்தாத் தெரியும்" என்றாள்.

நர்ஸம்மா சொன்னதை நானும் கேட்கவில்லை. எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. அதில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு பக்கம். தேதி சிவப்பு மையில். அடித்தல் திருத்தல் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே எழுதினேன். அந்த நாட்களில் வலிப்பு வரவில்லை. மாத்திரையால் வரவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதுவதால்தான் வரவில்லை என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு வந்த பிறகு நோட்டே பயமாகிவிட்டது. நான் அப்போது அம்மாவோடு கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தேன். ஐந்தரை மணியானால் துணிச்சுருள் கோணலாக வரும். வேலை முடிய நேரமானால் வீட்டுக்கு ஓடுவேன். ஆறு தாண்டிவிட்டால் மன்னிப்புக் கேட்பதுபோல இரண்டு பக்கம் எழுதுவேன். ஒரு பக்கம் நிரம்பாவிட்டால் சும்மாவேனும் குழாயில் தண்ணீர் வந்ததா, என்ன குழம்பு, எத்தனை சுருள் என்று கோத்துக்கொண்டே போவேன். காய்ச்சல் அடித்த நாளிலும் எழுதினேன். எழுதியது எனக்கே புரியவில்லை.

தேவதானத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். அவசரத்தில் நோட்டை எடுக்காமல் போய்விட்டேன். ஆறு மணிக்குப் பந்தலில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் மாட்டுக்கொட்டகைப் பின்புறம் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இப்போது வரும், இப்போது வரும் என்று இருந்தது. ஆறரை ஆனது. ஏழானது. அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, இங்க என்ன செய்யுத? பந்தி முடியப் போவுது."

"நோட்ட எடுத்துட்டு வரலம்மா."

"நோட்ட வச்சா சோறு திங்கப் போற? எந்திரி."

அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, 'இரண்டு நாள் எழுதவில்லை, ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதினேன். அடுத்த வாரமே, ஆறு மணிக்கு ஒரு பக்கம் நிறைத்து முடித்த கையோடு, வலிப்பு வந்தது. சிவப்பு மை பாட்டில் உடைந்து, அம்மா அதை ரத்தம் என்று நினைத்து அலறினாள்.

அடுத்த முறை மதுரை போனபோது நர்ஸம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "இது என்ன நோட்டா தாயத்தா?" என்று கேட்டாள். அன்றோடு சட்டத்தை விட்டேன்.

ஆனால் எழுதுவது நிற்கவில்லை. வலிப்புக்கு முன்னால், எதுவும் கருகாமலே, எனக்கு மட்டும் அந்தப் பஞ்சு வாடை வரும்; அது வந்தால் எழுதுவேன். வாடை வந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும், விழுந்து அடிபடக் கூடாது என்பது ஆஸ்பத்திரியில் சொன்னது. உட்கார்ந்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வருமா வராதா என்று காத்திருக்கும் அந்தச் சின்ன நேரம் இருக்கிறதே, அதைப்போல் நீளமான நேரத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. அந்த நேரத்துக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. ஒரு கையில் சாவி, மறு கையில் பென்சில். 'வாடை' என்று முதல் வரி எழுதுவேன். அடுத்த வரியில் கண்ணில் படுவதை எழுதுவேன். தரையில் உட்கார்ந்தால் வீடு வேறு மாதிரி இருக்கும். கட்டிலுக்கு அடியில் அம்மாவின் ஒற்றைச் செருப்பு. கதவின் கீழ் விளிம்பில் எறும்பு போகிற வழி. பானையின் அடிக்கரி. இரண்டாவது வரி முடிவதற்குள் ஒன்று வாடை போய்விடும், இல்லாவிட்டால் பென்சில் கோடு இழுத்துக்கொண்டு தாளுக்கு வெளியே போயிருக்கும். அப்படிக் கோடு ஓடிய பக்கங்கள் வருஷத்தில் இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் வந்துவிட்டுப் போன வாடைதான், அதில் பாதி காற்றோடு வந்த மில் வாடையாகவும் இருந்திருக்கும்.

வாடை போனபிறகும் சில நாள் எழுந்திருக்கத் தோன்றாது. அப்படியே எழுதிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மூன்று பக்கம் போகும். பிறகு பத்து நாள் நோட்டைத் தொட மாட்டேன். ஒரு நாள் ஒரே ஒரு சொல். யாருக்கும் காட்டியதில்லை. நான் எல்லோரிடமும் அதிகம் பேசுகிறவளும் இல்லை.

எண்பதுகள் முடியும்போது எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை. கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி காயில் கட்டிக் கொடுக்கும் கடையில் வேலை. பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அம்மா மாத்திரைகளை எல்லாம் உறையிலிருந்து பிரித்து ஒரு பவுடர் டப்பாவில் போட்டாள்.

"கேட்டா ஒத்தத் தலைவலி மாத்திரைன்னு சொல்லு."

"சொல்லிட்டே கட்டிக்குடுத்தா என்னம்மா?"

"சொன்னா எவன் கட்டுவான்? பொறவு தெரிஞ்சா எவன் வச்சுக்கிடுவான்? ரெண்டும் ஒண்ணுதான். சொல்லாம இருந்தா நாலு வருசமாவது ஓடும்."

அந்தப் பேச்சை நோட்டில் எழுதினேன். எழுதிய பிறகு அந்த நாலு வருஷம் என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அவர், அத்தை, நான் மூன்று பேர்தான். அத்தை என்றால் அவருடைய அம்மா. எழுத்துத் தெரியாது. ஆனால் மூக்கு பயங்கரமான மூக்கு. அடுத்த வீட்டில் பால் அடிப்பிடித்தால் இங்கிருந்தே சத்தம் கொடுப்பாள். அவருக்கோ மோட்டார்க் கடையின் கருகின வார்னிஷ் வாடையிலேயே கிடந்து மூக்கு மரத்துப்போயிருந்தது. சோறு தீய்ந்தாலும் தெரியாமல் சாப்பிடுவார்.

இந்த ஊரில் வாடை வந்தால் எனக்கு முன்னைவிடப் பயம். எங்கள் தெருப் பக்கம் மில் கிடையாது. பஞ்சு கருகினால் அது என் தலைக்குள்தான். நோட்டைச் சமையலறை அலமாரியில், பலகைக்கு விரித்த செய்தித்தாளுக்கு அடியில் வைத்திருந்தேன். சாவி இடுப்பில் இருந்தது.

அந்தச் சாவியால் ஒரு வம்பு. ஒரு நாள் அத்தை வாசலில் பக்கத்து வீட்டம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"வந்து மூணு மாசம் ஆகல, இடுப்புல சாவி தொங்குது. தூங்கும்போதும் கையில புடிச்சுக்கிட்டுதான் படுக்கா. எம் பீரோச் சாவி மேல கண்ணு போல."

"குடுத்துர வேண்டியதுதானே மதினி, உங்க பீரோவுல அப்படி எம்புட்டு இருக்கு?"

"ரெண்டு சேலையும் எலிப்புழுக்கையும் இருக்கு. அது வேற விசயம்."

சிரித்துவிட்டேன். அடுத்த நிமிஷமே சாவியைச் சேலைக்குள் செருகினேன். இன்றைக்குச் சாவி எதற்கு என்று கேட்கிறவள் நாளைக்கு மாத்திரை எதற்கு என்று கேட்பாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் கண்ணில் படும்படி ஒருமுறையும் வரவில்லை. இரண்டு முறை வந்தது. இரண்டும் நான் தனியாக இருந்த பகல். எழுந்து முகம் கழுவி, நாக்குப் புண்ணுக்கு வெற்றிலைச் சுண்ணாம்பைக் காரணம் சொன்னேன். பிறகு மகள் பிறந்தாள். அவளை மடியில் வைத்துப் பால் கொடுக்கும் நேரமெல்லாம் மூக்கைத்தான் கவனித்துக்கொண்டிருப்பேன். தெரிந்தால் என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பிள்ளையைத் தர மாட்டார்கள். நோட்டில் அந்த மாதங்களில் இது ஒன்றுதான் திரும்பத் திரும்ப இருக்கும்.

மகளுக்கு ஐந்தாம் மாதம். ஒரு நாள் காலை அத்தை பிள்ளையைக் குளிப்பாட்டி, தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணிப் புகை காட்டி, முன்னறைத் தொட்டிலில் போட்டாள். மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று யாரோ சொல்ல, கேனைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். நான் சமையலறையில் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன்.

பஞ்சு கருகும் வாடை வந்தது.

அடுப்பை அணைத்தேன். மத்தைத் தள்ளிவைத்தேன். சுவரோரம் உட்கார்ந்து, நோட்டை உருவி எடுத்து, சாவியைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். 'வாடை. பிள்ளை தொட்டிலில்.' இரண்டாவது வரி, 'அத்தை வீட்டில் இல்லை, நல்லது. அடுப்புக்குக் கீழே ஒரு மல்லி விதை.' வாடை போகவில்லை. கோடும் இழுக்கவில்லை. 'இன்னும் வருகிறது' என்று எழுதினேன்.

எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்தேன். அப்படி ஒரு வரியை நான் இதுவரை எழுதியதில்லை. இத்தனை வருஷத்தில், இந்த நோட்டிலும் சரி, முந்தின நோட்டுகளிலும் சரி, மூன்றாவது வரி வரும்போது வாடை இருந்ததே இல்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. முன்னறையில் புகை இடுப்பளவுக்கு நின்றது. கட்டிலுக்கு அடியிலிருந்து தூபக்கால் எட்டிப் பார்த்தது. கட்டிலிலிருந்து தொங்கிய பழைய பஞ்சு மெத்தையின் ஓரம் சிவந்து புகைந்துகொண்டிருந்தது. தொட்டில் அதற்கு இரண்டு முழம் தள்ளி. பிள்ளை அழவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. தொட்டிலோடு சேர்த்துப் பிடித்து அவளை வெளியே எடுத்தேன். தெருவில் வெயிலில் நின்று முதுகைத் தட்டினேன். இருமினாள். இருமிவிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். பக்கத்து வீட்டம்மா குடத்தோடு உள்ளே ஓடினாள்.

கடைக்கு ஆள் போய், அவர் வந்தார். அத்தையும் வந்துவிட்டாள். மெத்தை முற்றத்தில் நனைந்து கிடந்தது. "சமையக்கட்டுல தானே இருந்த? வாடை வரலையா?" என்று அவர் கேட்டார். "இம்புட்டுப் புகை வந்திருக்கு, என்னதான் செஞ்சுக்கிட்டிருந்த?" என்று கேட்டபடியே உள்ளே போனார். சமையலறைத் தரையில் நோட்டு விரித்தபடி கிடந்தது. அதன்மேல் சாவி.

அவர் நின்றபடியே படித்தார். ஒரு பக்கம், பிறகு முந்தின பக்கம், அதற்கு முந்தின பக்கம். நாலு வருஷம் என்று அம்மா சொன்னது அந்த நோட்டின் முதல் பக்கத்தில்தான் இருந்தது.

"என்னல எழுதியிருக்கா?" என்று அத்தை கேட்டாள்.

"இவளுக்கு வலிப்பு இருக்கும்மா. சின்னதுல இருந்தே." அவர் குரலில் கோபமில்லை. அவர் முகத்தில் இருந்தது பயம். எனக்கு அது பழக்கமான முகம், கண்ணாடியில் பார்த்ததுதான். "வாடை வந்தா உக்காந்து எழுதுவாளாம். பிள்ள புகையில கெடக்கு, இவ எழுதிக்கிட்டு இருந்திருக்கா."

அவர் சொன்னது உண்மைதானே.

அன்று மாலையே என்னை இராஜபாளையத்தில் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பிள்ளையைத் தரவில்லை. "தூக்கி வச்சிருக்கும்போது வந்தா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல். அம்மா ஒரு பக்கம் அழுதாள், ஒரு பக்கம் திட்டினாள். "எழுதாத, எழுதாதன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். எழுதி வச்சு நீயே காட்டிக் குடுத்திட்டியே!" அந்த இரண்டு நாளும் நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. நோட்டு அங்கே இருந்தது. இங்கே தாள் கிடைத்தாலும் எழுதியிருக்க மாட்டேன். ஊரெல்லாம் பஞ்சு வாடை. எது உள்ளே இருப்பது, எது வெளியே இருப்பது என்று பார்க்கவும் எனக்கு மனசில்லை. வரட்டும் என்று படுத்துக் கிடந்தேன்.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணி இருக்கும். வாசலில் பிள்ளை அழுகிற சத்தம். எழுந்து ஓடினேன். அத்தை நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் மகள், தோளில் ஒரு மஞ்சள் பை.

"புடிட்டி. பாலாடையில குடுத்தா துப்புதா. ரெண்டு நாளா என்னப் போட்டு எடுத்திட்டா."

உள்ளே உட்கார்ந்து பால் கொடுத்தேன். அத்தை வாசலிலேயே நின்று அம்மாவிடம் பேசினாள்.

"சொல்லித்தான் குடுத்தா என்ன மதினி?"

"சொன்னா கட்டியிருப்பீகளா?"

அத்தை பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "கட்டியிருக்க மாட்டோம்" என்றாள். பிறகு, "ஆனா நான் இப்ப ஒண்ணு சொல்லுதேன். தூபக்கால கட்டிலுக்கடியில தள்ளிட்டுப் போனது நானு. கால்ல இடறுதேன்னு தள்ளினேன். எம் மவன் அவளப் போட்டு ஏசும்போது நான் வாயத் தொறக்கல. ரெண்டு நாளா சோறு எறங்கல. நேத்து அவன்ட்டச் சொல்லிட்டேன். ஒளிச்சு வச்சவ நான் ஒருத்தி, நீங்க ரெண்டு பேரு. இப்ப பிள்ளைக்குப் பாலு வேணும்" என்றாள்.

உள்ளே வந்து மஞ்சள் பையிலிருந்து நோட்டையும் சாவியையும் எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். "இதுக்குத்தானா இந்தச் சாவி? நான் பீரோவ எட்டு தடவ பூட்டிப் பூட்டிப் பாத்தேன்."

"அவுக என்ன சொன்னாக அத்தை?"

"ஒண்ணும் சொல்லல. உன் நோட்டத்தான் மறுபடி மறுபடி படிச்சுக்கிட்டிருந்தான். கெளம்பு, அவன் வாயத் தொறக்கதுக்குள்ள வீட்டுல இருப்போம்."

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் நான், மடியில் மகள், பக்கத்தில் அத்தை. வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரியாது. அவர் உள்ளே விடுவாரா, விட்டாலும் பிள்ளையைத் தொடவிடுவாரா, ஒன்றும் தெரியாது. ஊரைத் தாண்டி மில் சுவர் ஆரம்பிக்கும் இடத்தில் பஸ் மெதுவாகப் போனது. அப்போது வந்தது, பஞ்சு கருகும் வாடை.

உட்காரத் தரையில்லை. சாயச் சுவரில்லை. இரண்டு கையிலும் பிள்ளை இருந்ததால் சாவியையோ பென்சிலையோ எடுக்க முடியவில்லை. பத்து வருஷத்தில் யாரிடமும் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"அத்தை, வாடை வருதா?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் எட்டி, மூக்கை உயர்த்தி, நிதானமாக இரண்டு முறை இழுத்தாள்.

"வருது. எவனோ கழிவுப் பஞ்சக் கொளுத்துதான்" என்றாள்.

நான் மூச்சு விட்டேன். அத்தை சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் கழித்து, என்ன நினைத்தாளோ, என் மடியிலிருந்து மகளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருந்தாலும் பிள்ள இங்க இருக்கட்டும். நீ வேணும்னா எழுது" என்றாள்.